லினக்ஸில் நெட் வரவில்லையா? ரிசால்வ் கான்ஃப் கோப்பைப் பூட்டாதீர்கள்

உபுண்டுவுக்குப் புதிதாக வருபவர்களின் லேப்டாப்பில் ஒரே வகைத் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேபிள் கழன்றது, வைஃபை பாஸ்வேர்டு பிசகியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரிந்துவிடும்.

தளம் திறக்காவிட்டால் நெட்டே இல்லை என்று முடிவுகட்டுவது

முதலில் கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு பிங் போடுங்கள். பதில் வந்தால் லைனில் குறையில்லை, கோளாறு பெரும்பாலும் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான். அதற்குப் பிறகும் வைஃபை டிரைவரை நோண்டுவது வீண் வேலை.

ரிசால்வ் கான்ஃபை அழித்துப் பூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எந்த டிஎன்எஸ் சர்வரை (நேம்சர்வரை) கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கான்ஃப் கோப்பு, உபுண்டுவில் எட்சி அடைவில் இருக்கும் வெறும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு. பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை எழுதும் கோப்பைக் காட்டுகிறது. திறந்தால் நேம்சர்வர் 127.0.0.53 என்றிருக்கும். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் ரிசால்வ்டின் முகவரி, பிழையல்ல. ஆனால் அதை 8.8.8.8 என்று மாற்றுகிறார்கள். ரீபூட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். உடனே சிம்லிங்கை அழித்து, புதுக் கோப்பு எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி சாட்டர் பிளஸ் ஐ கட்டளை போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் எல்லாம் ஓடும், பூட்டியதே மறந்துபோகும்.

தம்பி ஒருவர் அப்படிப்பட்ட லேப்டாப்போடு புது வேலையில் சேர்ந்தார். விபிஎன் இணைந்தது, வெளித் தளங்கள் திறந்தன, நிரல்களைச் சேமித்து வைக்கும் அலுவலக கிட் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. உள் சர்வர்களின் பெயர் அலுவலக டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும், கூகுளின் 8.8.8.8-க்கு எப்படித் தெரியும்? விபிஎன்னை நீக்கி மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டு, ஃபார்மட் செய்யவே தயாராகிவிட்டார். கோப்பைத் திருத்தப் போனால் சூடோ போட்டும் அனுமதி மறுப்பு. கோப்பின் பூட்டைக் காட்டும் எல்எஸ்அட்டர் போட்டதும் அந்த 'ஐ' தெரிந்தது. சாட்டர் மைனஸ் ஐ போட்டு, ரிசால்வ்டு எழுதும் ஸ்டப் ரிசால்வ் கான்ஃபுக்கு மறுபடி சிம்லிங்க் கொடுத்து, ரிசால்வ்டை ரீஸ்டார்ட் செய்தோம். கிட் சர்வர் உடனே வந்தது.

நேம்சர்வரை மாற்றத்தான் வேண்டுமென்றால் நெட்வொர்க் மேனேஜரில், அந்த இணைப்பின் ஐபிவி4 பகுதியில், தானியங்கி டிஎன்எஸ்ஸை அணைத்துவிட்டு எழுதுங்கள். எந்த இணைப்புக்கு எந்த சர்வர் என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டிவிடும்.

டிக் சொல்வதை மட்டும் நம்புவது

டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளை, கணினியிலேயே பெயர்-முகவரிப் பட்டியல் வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே நேம்சர்வரைக் கேட்கும். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிரல்கள் போகும் வழியில்தான் அது போகும்.

கடிகாரத்தைப் பார்க்காதது

தளம் திறக்கும்போது சான்றிதழ்ப் பிழை வந்தால் முதலில் டேட் கட்டளை போட்டு, கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

ஹோட்டல் வைஃபையில் கையால் எழுதிய டிஎன்எஸ்

லாகின் பக்கம் வரவில்லையா? நீங்கள் எழுதிய டிஎன்எஸ்ஸை எடுத்துவிடுங்கள்.