மருந்தாளுநராகப் பதிவு பெற: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை, 1948-ம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-வது பிரிவுப்படி, மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு மட்டுமே உண்டு. டிப்ளமோவை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தாலும், பெயர் ஏறும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் மருந்தாளுநர் இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பதிவேடு இருப்பது தமிழ்நாடு பார்மசி கவுன்சிலிடம்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) 2 ஆண்டு, பி.பார்ம் (பட்டப்படிப்பு) 4 ஆண்டு, பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி) 6 ஆண்டு. எதை முடித்தாலும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கடை வைப்பதுதான் எண்ணம் என்றால் டி.பார்மே போதும், பிறகு மனம் மாறினால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரிக்கு, அதே பார்மசி சட்டத்தின் 12-வது பிரிவுப்படி இந்திய பார்மசி கவுன்சில் தரும் அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரிப் பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு அது செல்லுபடியாக வேண்டும். “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்” என்ற பதிலை நம்பிச் சேராதீர்கள். “கிளாஸுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்” என்று சொல்லும் வெளிமாநில ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள். டி.பார்மை அஞ்சல்வழியில் படிக்க முடியாது. பாடத்துக்கு 75 சதவீத வருகை கட்டாயம். பதிவின்போது சான்றிதழின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்படும். போலி என்று தெரிந்தால் படிப்புக்குக் கட்டிய பணத்தோடு போகாது, வழக்கும் வரும்.

டி.பார்ம் இறுதித் தேர்வை எழுதிய பிறகு 500 மணி நேரப் பயிற்சி. இதை மூன்று மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டுப்படி மருந்து வழங்குவதிலேயே கழிய வேண்டும். மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்குச் சுமார் ஆறரை மணி நேரம் வரும். பயிற்சிக்கான ஒப்பந்தப் படிவத்தைக் கல்லூரியில் வாங்கி, தொடங்கும்போதே நிரப்பிவிடுங்கள். முடிந்தபின் பழைய தேதி போட்டு நிரப்பினால், பயிற்சி தந்த மருந்தாளுநரின் பதிவு அந்தத் தேதியில் நடப்பில் இருந்ததா என்ற கேள்வியிலேயே சிக்கிக்கொள்ளும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் இழப்பது பெரிது. மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் இரண்டும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று சர்க்கரைக்கு, மற்றது தொற்றுக்கு. மாத்திரை அட்டையை எடுத்ததும் பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி மூன்றையும் சீட்டோடு ஒப்பிடும் பழக்கம் கவுன்ட்டரில் நின்றால்தான் கைக்கு வரும்.

டி.பார்ம் முடித்தவர்களுக்கு 2022-ல் கொண்டுவந்த விதிப்படி எக்ஸிட் தேர்வும் உண்டு, அதாவது படிப்பை முடித்தபின் பதிவுக்கு முன் தேற வேண்டிய தேர்வு. மூன்று தாள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஆங்கிலத்தில். மூன்றிலும் 50 சதவீதத்தை ஒரே முறையில் எடுக்க வேண்டும். மூன்றாம் தாள் சட்டமும் மருந்துக்கடை நிர்வாகமும். மனப்பாடம்தானே என்று கடைசிக்குத் தள்ளுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு இந்தத் தேர்வு பொருந்துமா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் பலரை அலைய வைப்பது இனிஷியல். பத்தாம் வகுப்பில் “கா. முருகன்”, ஆதாரில் “முருகன் காளிமுத்து”, டிப்ளமோவில் “முருகன் கே” என்று இருந்தால் மூவரும் ஒருவர்தான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, கல்லூரியில் முதல் ஆண்டிலேயே திருத்திவிடுவது மலிவு. மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ, பயிற்சிச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் எல்லாவற்றின் அசலையும் ஒரே கோப்பில் வையுங்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.

பதிவு வந்ததும், “சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுங்க, மாசம் பணம் தர்றோம்” என்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். கடையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் உங்கள் மேற்பார்வையில் நடந்ததாகவே எழுதப்படும். அட்டவணை எச்1 மருந்தை (சில ஆன்டிபயாடிக் போல விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்து) விற்றால் சீட்டு எழுதியவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வரும்போது பதிவேடு காலியாக இருந்து, நீங்களும் கடையில் இல்லையென்றால், மாநிலப் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கும்வரை போகலாம்.

புதுப்பித்தல் கட்டணத்தைத் தவறவிட்டாலும் பெயர் நீங்கும். தேதியைச் சான்றிதழிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். ஐந்து ஆண்டுக்குள் இரண்டு புத்தாக்கப் பயிற்சியாவது முடித்திருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிவு செய்யுங்கள்.