ஜெர்மனியில் ஒரே ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவர்களாக வருவோருக்கு

முதுநிலைப் படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் தங்க வருபவர், முதல் மூன்று மாதங்களைத் தட்டுத்தடுமாறிக் கழித்தாலும் பின்னர் ஈடுசெய்துகொள்ள அவருக்கு நேரம் இருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவருக்கோ அந்த மூன்று மாதங்கள் மொத்தக் காலத்தில் பாதி. ஆகவே மற்றவர்கள் ஆறுதலாகக் கற்றுக்கொள்ளும் பலவற்றை நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பும் வந்திறங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள்ளும் முடித்துவிட வேண்டும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முற்பகுதியில் முடிகின்றன. தேர்வுகள் அதற்குப் பிறகுதான், சில மார்ச் வரைக்கும் நீளும். நம் ஊர்க் கல்லூரிகளில் பலவற்றில் அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த மோதலைக் கவனிக்காமல் ஜனவரிக்குத் திரும்பும் பயணச்சீட்டை எடுத்துவிட்டு, தேர்வே எழுதாமல் ஊர் திரும்பும் நிலைக்குச் சிலர் ஆளாகிறார்கள். கோடைக்கால செமஸ்டரிலும் இதே சிக்கல் உண்டு: வகுப்புகள் ஜூலையில் முடிய, தேர்வுகள் ஆகஸ்டு, செப்டம்பர் வரை போகக்கூடும். எனவே உங்கள் துறைத்தலைவரிடம் தாமதமாக வகுப்பில் சேர எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடாகும் என்பதைக் கூறும் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’டில் இருதரப்புக் கையெழுத்தும் கிடைத்த பிறகே புறப்படுங்கள்.

வந்திறங்கும் நாளைத் திங்கள் முதல் வியாழன் வரையிலான ஒரு வேலைநாளாக, முடிந்தால் காலை நேரமாக அமைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விடுதிகளில் சாவியைத் தருபவர் ‘ஹவுஸ்மைஸ்டர்’ எனப்படும் கட்டடப் பொறுப்பாளர். குறிப்பிட்ட அலுவலக நேரத்தில் மட்டுமே அவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் ஏறக்குறைய அனைத்தும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்றவைதான் விதிவிலக்கு. அக்டோபர் 3 தேசிய விடுமுறை நாள். ஏப்ரலில் வருபவர்களுக்கு ஈஸ்டர் விடுமுறை குறுக்கிடலாம். முதல் இரண்டு நாட்களுக்கான உணவைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரின் மூன்று முனை பிளக் இங்குள்ள சுவரில் நுழையாது என்பதால் அடாப்டர் ஒன்றும் தேவைப்படும்.

அடுத்து வரும் அலுவலக வேலைகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைந்தவை. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். இதைத்தான் எல்லோரும் ‘அன்மெல்டுங்’ என்கிறார்கள். அதற்கு, நீங்கள் அங்கே குடியிருப்பதை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் அல்லது விடுதி நிர்வாகம் கையெழுத்திட்டுத் தரும் படிவம் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவுச் சான்று இல்லாமல் பல வங்கிகள் கணக்கு தொடங்குவதில்லை. வங்கிக் கணக்கு இல்லாவிட்டால், விசாவுக்காக நீங்கள் முன்கூட்டியே கட்டிய ‘பிளாக்டு அக்கவுன்ட்’ பணம் மாதாமாதம் கைக்கு வராது. 2024 செப்டம்பர் முதல் இத்தொகை மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. சங்கிலியின் முதல் கண்ணி தாமதமானால் எல்லாமே தாமதமாகும் என்பதால், நகர அலுவலகச் சந்திப்புக்கான நேரத்தை ஊரிலிருந்தே இணையத்தில் பதிவுசெய்துவிடுங்கள். முதல் மாத வாடகை, விடுதி வைப்புத்தொகை, பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் கட்டணம் ஆகியவற்றுக்கான பணத்தைத் தனியாகவும் கொண்டுவாருங்கள். பரிமாற்ற ஒப்பந்தத்தில் வருபவருக்குக் கல்விக்கட்டணம் இல்லையென்றாலும் இந்த செமஸ்டர் கட்டணம் பெரும்பாலும் உண்டு.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் தனிக்கவனம் எடுக்க வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு ஒற்றைப் பெயரோடு வாழ்கிறோம். இங்குள்ள படிவங்களோ குடும்பப்பெயர் இல்லாமல் நகரவே நகராது. கடவுச்சீட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில், எல்லா இடங்களிலும் எழுதுங்கள். ஓர் இடத்தில் தந்தை பெயரை முன்னும் இன்னோர் இடத்தில் பின்னும் எழுதினால், காப்பீட்டு நிறுவனமும் பல்கலைக்கழகமும் உங்களை இரு வேறு ஆட்களாகக் கருதிவிடும். குடிபுகுந்த அன்றே அஞ்சல் பெட்டியில் அதே பெயரை ஒட்டுங்கள். அறை எண்ணைப் பார்த்து யாரும் கடிதம் போடுவதில்லை. பெட்டியில் பெயர் இல்லையென்றால் வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். ஒலிபரப்புக் கட்டணம் குறித்தும் ஒரு கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, ஒரே வீட்டில் பலர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். வானொலி, தொலைக்காட்சி இல்லை என்று அதைத் தூக்கிப் போடாமல் பதில் எழுதுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகச் சேர்க்கை முடியாது. ஊரில் எடுத்த பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் பொதுக் காப்பீட்டில் மாதம் ஏறக்குறைய 140 யூரோ கட்டிச் சேரலாம்.

படிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது ஒன்று. வகுப்புக்குப் பதிவுசெய்வதும் தேர்வுக்குப் பதிவுசெய்வதும் இங்கே வெவ்வேறு. நான் பரிமாற்ற மாணவனாக வந்தபோது ஒரு பாடத்தின் எல்லா வகுப்புகளுக்கும் போனேன், பயிற்சிக் கணக்குகளை எல்லாம் செய்தேன். தேர்வுக்குத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பதும் அதற்கான கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதும் ஜனவரியில்தான் தெரிந்தது. பேராசிரியர் வருந்தினாரே தவிர, அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. ஊருக்குத் திரும்பி அந்தப் பாடத்தை மறுபடியும் படித்தேன். எனவே முதல் வாரத்திலேயே பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுப் பதிவு எப்போது, எந்தத் தளத்தில் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரைப் போல அகமதிப்பீட்டு மதிப்பெண் பெரும்பாலான பாடங்களில் கிடையாது. கடைசித் தேர்வு ஒன்றே முழுத் தரத்தையும் தீர்மானிக்கும். தர அளவும் தலைகீழானது: 1.0 மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. முழு செமஸ்டர் சுமை, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பாடச்சுமை அளவான ஈசிடிஎஸ் கணக்கில் 30 புள்ளிகள். ஒரு புள்ளி 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிப்பதால், நான்கைந்து பாடங்களுக்கு மேல் எடுத்துத் திணறாதீர்கள்.

உணவுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ‘மென்சா’ எனப்படும் மாணவர் உணவகத்தில் மதியம் குறைந்த விலையில் சூடாகச் சாப்பிடலாம். சைவ உணவும் நாள்தோறும் இருக்கும். 1980களிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் வடரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களுடைய கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. அதே மாநிலத்தில் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடைக்கால செமஸ்டருக்கு வருபவர்கள் அதன் தேர்த்திருவிழாவைக் காண முயலுங்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் வடம் பிடிக்கும் அந்த நாளில் உங்களை யாரும் அந்நியராகப் பார்க்க மாட்டார்கள்.

குளிர்கால செமஸ்டரில் வருபவர்களுக்குக் குளிரைவிட இருட்டுதான் கடினம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். இந்தியாவுடனும் இலங்கையுடனும் மூன்றரை மணியாக இருந்த வேறுபாடு நான்கரை மணியாகும். டிசம்பரில் மாலை நாலரைக்கு இங்கே இருட்டும்போது ஊரில் இரவு ஒன்பது. வகுப்பு முடிந்து நீங்கள் அழைக்கும் நேரத்தில் அம்மாவும் அப்பாவும் படுக்கப் போயிருப்பார்கள். பேசும் நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு வாரங்கள் விடுதியே காலியாகிவிடும். அந்த நாட்களுக்கு நவம்பரிலேயே யாருடனாவது ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். துக்கம் கூடினால் மாணவர் சேவை அமைப்புகளின் உளவியல் ஆலோசனையை நாடத் தயங்காதீர்கள். அது பெரும்பாலும் இலவசம்.

புறப்படும் வாரத்திலும் வேலைகள் உண்டு. நகர அலுவலகத்தில் பதிவை நீக்கும் ‘அப்மெல்டுங்’கை வெளியேறுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே செய்யலாம், அந்தச் சான்றைக் காட்டித்தான் காப்பீட்டையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். விடுதி வைப்புத்தொகை சில வாரங்கள் கழித்தே திரும்ப வரும் என்பதால், அதுவரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். தேர்வு முடிவுகளும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகே வரும். மதிப்பெண் சான்றை நேரடியாக உங்கள் துறைக்கு அனுப்புமாறு பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.