வாடாமல்லியும் நெற்கதிரும்: ரிசப்ஷன் மேசைக்கு உலர்பூ அலங்காரம்

ரிசப்ஷனில் வட்ட மேசைகளின் நடுவே வைக்கிற பூ அலங்காரத்தை உலர்பூவில் செய்தால், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடலாம். செருகுவது அரைமணி நேர வேலைதான். காயவைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பூ வாங்குவது. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காய்ந்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. மல்லிகைப் பக்கமே போக வேண்டாம், பழுப்பேறிச் சுருண்டுவிடும். சிவப்பு ரோஜா கறுத்துப்போகும், இளஞ்சிவப்பு பரவாயில்லை. ஒரு மேசைக்கு வாடாமல்லி 40, கோழிக்கொண்டை 5, தாமரைக் காய் 3, ஒரு பிடி நெற்கதிர் போதும். கதிரை லேசாகப் பச்சை இருக்கும்போதே அறுத்து வாங்குங்கள். முற்றிவிட்டால் மணி கொட்டும்.

கம்பி கட்டுவது. பூக்கடையில் வாடாமல்லி காம்பில்லாமல் உதிரியாகத்தான் கிடைக்கும். வாங்கிய அன்றே, பூ ஈரமாக இருக்கும்போதே, அடியிலிருந்து மெல்லிய கம்பியைச் செருகிவிடுங்கள். காயக் காயப் பூ சுருங்கிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு குத்தினால் பூ உடைந்துவிடும்.

காயவைப்பது. மொட்டைமாடி வெயில் கூடாது, நிறம் வெளுத்துவிடும். காற்று வருகிற இருட்டறையில் கொடி கட்டி, ஐந்தாறு பூக்களாக ரப்பர் பேண்ட் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கயிறு வேண்டாம், காம்பு இளைத்ததும் பூ நழுவி விழும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் ஃபேன் ஓடட்டும். இதழ் சரசரத்தாலே காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் காய்வது பூவுக்கு நேர் கீழே உள்ள கழுத்துதான். அது வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கோழிக்கொண்டையை இறக்கியதும் ஒரு பேப்பர் மேல் தட்டுங்கள். கடுகைவிடப் பொடியாகக் கறுப்பு விதைகள் கொட்டும். இதை விட்டால் மண்டபத்து வெள்ளை மேசைவிரிப்பில் கொட்டும்.

இவ்வளவுக்குப் பொறுமை இல்லையா? கடையிலேயே உலர்பூ கிடைக்கும். தூத்துக்குடியிலிருந்து வெளிநாடுகளுக்கே ஏற்றுமதியாகிறது.

செருகுவது. பித்தளைச் சொம்போ மண் கலயமோ எடுத்து முக்கால் பாகம் காய்ந்த மணல் நிரப்புங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. மணல் கனம் இருந்தால் ஃபேன் காற்றில் சாயாது. தாமரைக் காய்களை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கிச் செருகுங்கள். கோழிக்கொண்டை தாழ்வாக, சொம்பின் வாயை மறைக்கட்டும். வாடாமல்லியை நாலைந்தாகச் சேர்த்து ஏற்ற இறக்கமாக வையுங்கள்; தனித்தனியாகக் குத்தினால் ஊசிப்பொட்டி போலிருக்கும். நெற்கதிர் கடைசியில், வெளிப்பக்கம் வளைந்து தொங்கட்டும். மொத்த உயரம் ஓர் அடியைத் தாண்ட வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிய வேண்டும். முடிந்ததும் ஹேர் ஸ்பிரேயை ஓர் அடி தள்ளிப் பிடித்து லேசாக அடித்தால் இதழ் உதிர்வது குறையும்.

"கல்யாணத்தில் காய்ந்த பூவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். மணவறைக்கு எப்போதும்போல் பச்சைப்பூவே இருக்கட்டும், இது மேசைக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். நெற்கதிரைப் பார்த்தால் பாதி சமாதானமாகிவிடுவார்கள். இலை போடுகிற பந்தி மேசையில் இதற்கு இடமே இருக்காது.

மண்டபத்துக்கு அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்தே கொண்டுபோங்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தியும் அகல்விளக்கும் கண்டிப்பாக வேண்டாம், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.