முதல் லினன் சட்டையைத் தைத்துக்கொள்வது எப்படி: துணிக்கடையிலிருந்து காஜா வரை

ஆயத்தச் சட்டைகளை வாங்கி வாங்கிச் சலித்துப்போய், தன் உடம்புக்கென்றே அளவெடுத்து ஒரு நல்ல லினன் சட்டையைத் தைத்துக்கொள்ளலாம் என்று முதன்முதலாக நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் நான் பல ஆண்டுகளாகச் சட்டை தைத்துப் போட்டு வருகிறேன். அவற்றில் முதல் நான்கைந்தை வீணடித்திருக்கிறேன் என்பதே எனக்குள்ள தகுதி. வீணானவற்றைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: சட்டையின் உயரத்தையோ இடுப்புச் சுற்றையோ பிறகு குறைத்துவிடலாம், ஆனால் தோளும், அக்குள் வெட்டும், சுருங்கிவிட்ட துணியும் கத்திரி பட்டபின் திரும்பாதவை. அதனால் கீழே உள்ள படிகளில் இந்த மூன்றுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: துணியைத் தெரிந்தெடுத்தல்

புதுச்சேரிக்காரர்கள் நேரு வீதியிலும், கடலூர்க்காரர்கள் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலும் துணிக்கடை ஏறி இறங்கினாலே போதும். இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கடையில் "லினன் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று வகைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள்: முழு லினன், பருத்தி கலந்த லினன், லினன் போலத் தோற்றமளிக்கும் பாலியஸ்டர். பருத்தி கலந்ததில் குற்றமில்லை. கசங்கல் குறைவு, விலையும் குறைவு. மூன்றாவதை மட்டும் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு வாங்காதீர்கள்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். லினனில் கூர்மையான மடிப்புகள் அப்படியே நிற்கும். பாலியஸ்டர் ஒன்றும் நடவாதது போல விரிந்துகொள்ளும். ஐயம் தீரவில்லையென்றால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடுகு போலக் கெட்டியான மணியாக நிற்கும். சாம்பலுக்குள் சிறு மணிகள் தட்டுப்பட்டால் அது கலப்பு.

அடுத்தது இழையின் பருமன். லினனை "60 லீ" என்றும் பருத்தியை "40 கவுண்ட்" என்றும் சொல்வார்கள். இரண்டிலும் எண் கூடக் கூட இழை மெலியும் என்பது சரிதான், ஆனால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை கிடைக்கிறது என்பது பருத்தியின் கவுண்ட். லினனுக்கு அந்தச் சிட்டத்தின் நீளம் 300 கஜம்தான். கணக்குப் போட்டால் 60 லீ லினன் இழை, ஏறக்குறைய 21 கவுண்ட் பருத்தி இழையின் பருமன் கொண்டது. இழை தடித்திருந்தும் நெசவு நெருக்கமில்லாததால் காற்று புகுகிறது. முதல் சட்டைக்கு 60 லீ பொருத்தமானது. அதைவிட மெல்லியதை வெள்ளையில் எடுத்தால் உள்ளே போட்ட பனியனின் விளிம்பு வெளியே தெரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளை, சந்தனம், வெளிர் நீலம் ஆகிய மூன்றுக்குள் நின்றுகொள்ளுங்கள். கறுப்பு நிறத்தில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்துவிடும். எனக்கு நீலத்தின் மேல் ஒரு சாய்வு உண்டு. அதற்குக் காரணமும் உள்ளூர்தான். பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்த அவுரிச் சாய நீலத்துணி, இங்கே சாயமேறிக் கப்பல் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே பிசினுக்கு மாற்றாகப் பணம் போலப் புழங்கியது. புதுச்சேரி என்ற பெயர் ஒரு காலத்தில் துணிக்கட்டுகளோடுதான் ஊர் சுற்றியிருக்கிறது.

கட்டம் போட்ட துணி வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைலி நெய்யும் தறிகள் உள்ளன. அந்தக் கட்டங்களில் அரைக்கைச் சட்டை நன்றாக அமையும். ஆனால் அது இரண்டாவது சட்டையாக இருக்கட்டும். பையிலும் முன்பட்டியிலும் கட்டத்தைக் கட்டத்தோடு சேர்ப்பது தனி வேலை.

இரண்டாம் படி: எத்தனை மீட்டர்

நடுத்தர உடல்வாகு உள்ளவரின் முழுக்கைச் சட்டைக்கு, 58 அங்குல அகலத் துணியானால் 1.60 மீட்டரும், 36 அங்குல அகலமானால் 2.25 முதல் 2.50 மீட்டரும் பிடிக்கும். உயரமானவர்களும் தொப்பை உள்ளவர்களும் 20 சென்டிமீட்டர் கூட்டி வாங்க வேண்டும். கட்டத் துணிக்கு மேலும் 25 சென்டிமீட்டர். அகலத்தைக் கேட்காமல் மீட்டரை மட்டும் சொல்லி வாங்கிவிட்டு, டெய்லர் கடையில் "கை பத்தாதே தம்பி" என்று கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

மூன்றாம் படி: ஊறவைத்தல்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் என் முதல் சட்டை போயிற்று. மாமன் மகன் திருமணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் வெளிர்சாம்பல் நிற லினன் எடுத்தேன். "இது ஊறவைக்கத் தேவையில்லாத துணி சார்" என்று கடையில் சொன்னார்கள். எனக்கும் அவசரம், நம்பிவிட்டேன். திருமணத்தன்று சட்டை மிக நன்றாக இருந்தது. அடுத்த வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டு எடுத்தபோது, கஃப் மணிக்கட்டு எலும்புக்கு மேலேறி, கடிகாரத்தையும் விட்டுவிட்டு நின்றது. 30 அங்குல உயரச் சட்டை நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் ஒன்றரை அங்குலம் போய்விடும்; கையில் ஓர் அங்குலத்துக்கு மேல் போகும்.

ஆகவே துணியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மடிப்பைப் பிரித்து, அகலமான வாளியில் சாதாரணத் தண்ணீரில் முழுவதும் அமிழும்படி இரவு முழுக்க வையுங்கள். காலையில் பிழியாமல் தூக்கி, தண்ணீர் வடிந்தபின் நிழலில் கொடியின் மேல் நீளவாக்கில் விரித்துப் போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் இழைகள் கோணிக்கொள்ளும். கோணிய துணியில் வெட்டிய சட்டையின் பக்கத்தையல் சில துவைப்புகளுக்குள் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்துவிடும். துணி முக்கால் காய்ந்திருக்கையில் இஸ்திரி போட்டு, மடிக்காமல் சுருட்டி டெய்லரிடம் கொடுங்கள். சாயத் துணியானால் உப்புத் தண்ணீரில் போடச் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும் என்பது உண்மை; கழன்று வருகிற சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. தனியாக ஊறவைப்பதே வழி.

நான்காம் படி: அளவெடுத்தல்

பெரும்பாலோர் தம்மிடம் இருப்பதில் நன்றாகப் பொருந்தும் சட்டையை அளவுச் சட்டையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டை ஐம்பது முறை துவைபட்டுச் சுருங்கியிருக்கலாம், அல்லது இழுபடும் துணியால் ஆனதாக இருக்கலாம். அதைக் காலரின் வடிவத்துக்கும் பையின் இடத்துக்கும் மாதிரியாகக் கொடுங்கள். எண்களை உடம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய பனியனோடு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தோளைத் தளர்த்தி நில்லுங்கள். தோள் அளவை ஒரு பக்கத் தோள் எலும்பின் முனையிலிருந்து பின்கழுத்தின் அடி வழியாக மறுபக்க முனைவரை எடுக்க வேண்டும். அந்த முனை எங்கே என்று தெரியவில்லையென்றால், கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். தோளின் மேல் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழிதான் சட்டையின் தோள் தையல் உட்கார வேண்டிய இடம். அரை அங்குலம் வெளியே போனால் கடன் வாங்கிப் போட்ட சட்டை போலவும், அரை அங்குலம் உள்ளே வந்தால் சின்ன வயதுச் சட்டை போலவும் தெரியும்.

மார்புச் சுற்றை அக்குளுக்குக் கீழே டேப்பைச் சமமாகச் சுற்றி எடுத்து, லினனுக்கு 4 முதல் 5 அங்குலம் தளர்வு கூட்டச் சொல்லுங்கள். லினன் இழுபடாது, ஒட்டிப் பிடித்துத் தைத்தால் முதுகுத் தையல் பிளக்கும். வயிற்றுச் சுற்றை உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். (சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது, சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்குத்தானே போகப்போகிறோம்.) கழுத்தில் டேப்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கை நீளத்தை, முழங்கையைச் சற்று மடக்கி, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பைத் தாண்டும்வரை எடுக்க வேண்டும். சட்டையை வெளியே விட்டுப் போடுவதானால் உயரம் பேண்ட் ஜிப்பின் பாதியை மறைத்தால் போதும். உள்ளே விட்டுப் போடுவதானால் இரண்டு அங்குலம் கூடுதல்.

ஐந்தாம் படி: டெய்லரிடம் சொல்லவேண்டியவை

"நல்லா ஃபிட்டிங்கா தைச்சிடுங்க மாஸ்டர்" என்று சொன்னால் அவர் தம் வழக்கப்படி தைப்பார். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. காலருக்கும் கஃபுக்கும் உள்ளே விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸ் மெல்லியதாகப் போடச் சொல்லுங்கள். அட்டை போல விறைத்த காலர் லினனின் மென்மையோடு ஒட்டாது. இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் தரம் குறைந்ததாக இருந்தால் சில துவைப்புகளுக்குப் பிறகு காலரில் அப்பளம் போலக் கொப்பளம் எழும்பும். எந்தக் கேன்வாஸ் என்பதை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பக்கத்தையலை இரண்டு விதமாக முடிப்பார்கள். விளிம்பை மடித்து உள்ளே மூடித் தைப்பது ஒன்று. விளிம்பு பிரியாமல் நூலைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடிப்பது மற்றொன்று. முன்னது அழகும் உறுதியும் உடையது. ஆனாலும் முதல் சட்டைக்கு நான் ஓவர்லாக்கையே சொல்வேன், உள்ளே அரை அங்குலம் துணி விட்டுத் தைக்கும்படி கேட்டுக்கொண்டு. உடம்பு பெருத்தாலோ அளவு பிசகினாலோ பிரித்துவிட அந்தத் துணி வேண்டும். மடித்துத் தைத்ததில் அது முடியாது. தையல் அங்குலத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு விழ வேண்டும். நேரமும் முக்கியம்: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய ஒரு மாதத்தில் எந்த மாஸ்டரிடமும் புதிய ஆளாகப் போய் நிற்காதீர்கள்.

ஆறாம் படி: டிரையல்

சட்டைக்கு டிரையலா என்று சில கடைகளில் சிரிப்பார்கள். காலரும் கையும் பிரிக்கக்கூடிய தற்காலிகத் தையலில் நிற்கும்போது ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று துணி கொடுக்கும்போதே கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இதற்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். சட்டை முழுவதும் கையோடு எழும்பி இடுப்பு வெளியே தெரிந்தால், அக்குள் வெட்டு கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். பலர் அக்குள் இறக்கமாக இருந்தால் கை தாராளமாக ஆடும் என்று எண்ணுகிறார்கள், நடப்பது நேர்மாறானது. அக்குளுக்கு நெருக்கமாக வெட்டிய சட்டையில்தான் கை தனியாக ஆடும், உடல் பகுதி இருந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் இறக்கி வெட்டியதை மேலே ஏற்ற முடியாது. எனவே இதை டெய்லரிடம் வெட்டுவதற்கு முன்பே சொல்லி, டிரையலில் சரிபார்க்க வேண்டும்.

பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். மார்புப் பட்டனிலிருந்து நான்கு பக்கமும் கோடுகள் பாய்ந்தால் மார்பு இறுக்கம். காலர் அடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுந்தால் உங்கள் தோளின் சரிவும் சட்டையின் சரிவும் வேறாக உள்ளன. எங்கள் மாஸ்டர் இந்த இடத்தில் ஒன்றும் பேசமாட்டார். தோள் தையலை இரண்டு விரலால் கால் அங்குலம் கிள்ளிப் பிடிப்பார், மடிப்பு மறைந்துவிடும், சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு "கழட்டுங்க தம்பி" என்பார்.

ஏழாம் படி: பட்டனும் காஜாவும்

பிளாஸ்டிக் பட்டன் நல்ல துணியைக் காட்டிக்கொடுத்துவிடும். சிப்பிப் பட்டன் வாங்கிக் கொடுங்கள். கன்னத்தில் வைத்தால் பிளாஸ்டிக்கைவிடக் குளிர்ச்சியாக இருப்பதே அதன் அடையாளம். முன்பட்டிக்கு 11 மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். கொட்டாங்குச்சிப் பட்டன் சந்தன நிறத்துக்குப் பொருந்தும், ஆனால் நெடுநேரம் சோப்புத் தண்ணீரில் ஊறினால் வெளிறும். எதுவானாலும் இரண்டு பட்டன் கூடுதலாக வாங்கி உள்பட்டியில் தைத்து வையுங்கள். பட்டனுக்கும் துணிக்கும் இடையே நூலைச் சுற்றிச் சிறு தண்டு விட்டிருக்கிறார்களா, காஜாவின் (பட்டன் நுழையும் துளை) விளிம்பில் பிசிர் தொங்காமல் நெருக்கமாக ஓடியிருக்கிறதா என்று பார்த்தபின் கூலியைக் கொடுங்கள்.

எட்டாம் படி: துவைப்பும் திருத்தமும்

பச்சைத் தண்ணீர், மிதமான சோப்பு, நிழல் உலர்த்தல், ஈரம் இருக்கும்போதே உட்புறம் திருப்பி இஸ்திரி. லினனை எலும்பு போலக் காயவிட்டபின் எவ்வளவு தேய்த்தாலும் மடிப்பு போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை அலமாரியில் மடித்து வைத்தால் கரும்புள்ளி பூசணம் பிடிக்கும். அது லினனிலிருந்து எளிதில் போகாது. அந்த இரண்டு மாதமும் ஹேங்கரில், மின்விசிறிக்கடியில் தொங்கட்டும்.

மூன்று துவைப்பு ஆனபின் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு டெய்லரிடம் போய், கை நீளத்தையும் கழுத்தையும் மறுபடி அளந்து, அவருடைய நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள பழைய எண்களைத் திருத்தச் சொல்லுங்கள். என் பக்கத்தில் கை 24 என்பது அடிக்கப்பட்டு 24½ என்று சிவப்பு மையில் இருக்கிறது. கட்டத் துணியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.