வரைபடப் பக்கத்தில் நினைவகக் கசிவு: நானும் செய்த தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் லீஃப்லெட்டில் (வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதிய வரைபடப் பக்கத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். காலையில் துள்ளி ஓடும் பக்கம் மாலைக்குள் திணறியது. எட்டிப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே பள்ளம்: நினைவகக் கசிவு, அதாவது வேலை முடிந்தும் விடுவிக்கப்படாத நினைவகம் சேர்ந்துகொண்டே போவது. நிறுத்தாத டைமர், குளோபல் மாறி இவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழற்றிவிட்டதாக நம்பிய லிசனர்

வரைபடம் நகர்ந்து நின்றதும் பக்கப் பலகையில் பட்டியல் மாற வேண்டும். அதற்காக ‘மூவ்எண்ட்’ நிகழ்வுக்கு ‘ஆன்’ கொடுத்து ஒரு லிசனரை (நிகழ்வு நடந்ததும் ஓடும் ஃபங்ஷன்) மாட்டுகிறோம்; பலகையை மூடும்போது பொறுப்பாக ‘ஆஃப்’ கொடுக்கிறோம். இரண்டு இடத்திலும் ஃபங்ஷனுக்குப் பின்னால் ‘பைண்ட்’ (ஃபங்ஷனை ஒரு பொருளோடு கட்டிவைப்பது) ஒட்டிக்கொண்டிருந்தால் போச்சு. பைண்ட் அழைக்கும்போதெல்லாம் புதிய ஃபங்ஷன் பிறக்கிறது. மாட்டியது ஒன்று, கழற்றக் கேட்பது வேறொன்று. லீஃப்லெட் பிழை எதையும் எறியாது. மூடிய பலகையை, அதன் பட்டியலோடும் தரவோடும் வரைபடம் இறுகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்த மௌனம்தான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் இதில் விழுந்தது, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இரவு பகலாக ஓடும் பஸ் வரைபடத்தில். விடியற்காலையில் திரை செத்துவிட்டதென்று தொலைபேசி வரும். நான் டைல்கள்மேல் (வரைபடத்தை ஒட்டி உருவாக்கும் சதுரப் படத்துண்டுகள்) பழி போட்டேன். 256×256 பிக்சல் டைல் ஒன்றை விரித்தால் 256 கிலோபைட். கணக்கு பொருந்துவதுபோலவே இருந்தது. இரண்டு வாரம் டைல்களைக் குறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மணிக்கொருமுறை பக்கம் தானே ரீலோட் ஆகும்படி செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செய்திருக்க வேண்டியது அரை மணி நேர வேலை. குரோமின் மெமரி பகுதியில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் ஜாவாஸ்கிரிப்ட் நினைவகத்தில் இருக்கும் பொருள்களின் பட்டியல்) எடுங்கள். பலகையை ஏழு முறை திறந்து மூடுங்கள். ஏழு ஏனென்றால், ஒப்பீட்டில் எந்தப் பொருள் சரியாக ஏழு கூடியிருக்கிறதோ அது கண்ணில் குத்தும். பத்து முறை செய்தால் தற்செயலோ என்ற ஐயம் வரும். பிறகு இன்னொரு ஸ்னாப்ஷாட், இரண்டையும் ஒப்பிடுங்கள். ‘டிடாச்ட்’ என்று வடிகட்டினால் பக்கத்திலிருந்து பிடுங்கப்பட்டும் சாகாத டிவ்கள் (பக்கத்தின் பெட்டிகள்) வரிசையாக நிற்கும். ஒன்றைச் சொடுக்கி, கீழே ரிடெய்னர்ஸ் (அதை விடாமல் பிடித்திருப்பவை) சங்கிலியைப் பிடித்துப் போனால், வரைபடம் தன் லிசனர்களை வைத்திருக்கும் ‘அண்டர்ஸ்கோர் ஈவென்ட்ஸ்’ வந்துவிடும். குற்றவாளி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

தீர்வு: பைண்ட் செய்ததை ஒருமுறை மாறியில் வைத்து, அதையே இரண்டு இடத்திலும் கொடுப்பது. லீஃப்லெட்டில் ‘ஆன்’ செய்யும்போது மூன்றாவதாகக் கான்டெக்ஸ்ட் (ஃபங்ஷனுக்குள் ‘திஸ்’ ஆக இருக்கும் பொருள்) கொடுத்திருந்தால், ‘ஆஃப்’ செய்யும்போதும் அதே கான்டெக்ஸ்ட் வேண்டும். இதை மறந்து இரண்டாவது முறையும் மாட்டிக்கொண்டேன்.

டிவ்வை மட்டும் நீக்குவது

வரைபடம் இருக்கும் டிவ்வை மட்டும் பக்கத்திலிருந்து எடுத்தால் வரைபடம் போய்விடாது; உலாவியோடு அதற்குள்ள பிணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். லீஃப்லெட்டில் ‘ரிமூவ்’ அழையுங்கள். இன்னொரு வரைபட நூலகமான ஓப்பன்லேயர்ஸில் டார்கெட்டை (வரைபடம் உட்காரும் டிவ்) நல் (வெற்று) ஆக்குங்கள்.

ஹீப்பை மட்டும் நம்புவது

மேப்லிப்ரே போன்ற வரைபட நூலகங்கள் வெப்ஜிஎல்லில் (உலாவியில் கிராபிக்ஸ் சிப் கொண்டு வரையும் வழி) வரைகின்றன. கிராபிக்ஸ் நினைவகம் ஹீப் ஸ்னாப்ஷாட்டில் தெரியாது. குரோமின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் வெப்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (இங்கே, வரையும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ள இணைப்பு) 16-ஐத் தாண்டினால், கணினியில் குரோம் பழையதைத் தூக்கி எறிந்துவிடும். வெள்ளையாகிப் போன வரைபடத்துக்குப் பல நேரம் இதுவே காரணம்.

உலாவியின் எக்ஸ்டென்ஷன்கள் இயங்கும்போதே அளப்பது

வேண்டாம்.

கன்சோலில் அச்சிட்டுவிட்டுத் தேடுவது

அச்சிட்ட மார்க்கரைக் கன்சோலே பிடித்து வைத்திருக்கும். நான் அரை நாள் துரத்திய கசிவு ஒன்று, என் சொந்தக் கன்சோல் வரி.