எல்லாவற்றுக்கும் ‘முரண்பாடு’ என்று எழுதாமல் இருக்க: மறுப்புச் சொற்களை வேலிச் சண்டை ஒன்றில் வைத்துப் படித்தல்

வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் தடையில்லாமல் கதைப்பவர்கள்கூட, ஒன்றை மறுத்து எழுத வேண்டி வந்தால் ‘முரண்பாடு’ என்ற ஒரு சொல்லில் போய் நின்றுவிடுகிறார்கள். சண்டைக்கும் முரண்பாடு, கணக்குப் பிழைக்கும் முரண்பாடு, பிடிக்காத கருத்துக்கும் முரண்பாடு. அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடும். பிணக்கு, மாறுபாடு, முரண், பகை எல்லாம் அங்கே ஒன்றுக்கொன்று பொருளாக நிற்கும். சொல் பிடிபட ஒரு சம்பவம் வேண்டும்.

தேவையானவை: 40 பக்கக் கொப்பி ஒன்று, இரண்டு நிறப் பேனை, பழைய பத்திரிகை ஒன்று. நாளுக்கு மூன்று சொல் போதும். பத்துச் சொல் எழுதினால் அடுத்த நாள் பட்டியல்தான் ஞாபகம் இருக்கும், சொல் இருக்காது.

படி 1: சம்பவத்தைப் பேச்சில் எழுதுங்கள்

வேலியை விட நல்ல சம்பவம் எங்கள் ஊரில் கிடையாது. (கதியால் என்பது வேலிக்கு நடும் தடி, உறுதி என்பது காணிப் பத்திரம். பரப்பு, குழி, பேர்ச் மூன்றும் காணி அளவுகள்.)

“அண்ணை, கதியாலை எங்கட பக்கம் தள்ளி நட்டிருக்கிறியள்.”
“இல்லைத் தம்பி, பழைய வேலி நிண்ட இடத்திலதான் நட்டனான்.”
“அது சரிவராது. உறுதியில 2 பரப்பு 9 குழி எண்டு கிடக்கு. இப்ப அளந்தால் 24 பேர்ச்தான் வருது.”
“அளந்தவர் பிழையா அளந்திருப்பார்.”
“நீங்களும் நிண்டுதானே அளந்தது? அண்டைக்கு ஓம் எண்டிட்டு இப்ப இல்லையெண்டுறியள்.”

படி 2: எது எதோடு மோதுகிறது என்று பாருங்கள்

இந்த ஐந்து வரிக்குள் மூன்று மோதல் இருக்கிறது.

முதலாவது, ஆளோடு ஆள். இது கருத்து வேறுபாடு, முற்றினால் பிணக்கு.

இரண்டாவது, அளவோடு அளவு. 1 பரப்பு என்பது 18 குழி, அதாவது 10 பேர்ச். ஆகவே 2 பரப்பு 9 குழி 25 பேர்ச் ஆக வேண்டும். ஒரு பேர்ச் குறைகிறது. இதற்கு ‘அளவுகள் பொருந்தவில்லை’, ‘ஒத்துவரவில்லை’ என்பதே போதும். இங்கே ‘பிணக்கு’ வராது. எண்கள் சண்டை பிடிப்பதில்லை.

மூன்றாவது, ஒரே ஆளின் முதல் பேச்சோடு பிந்திய பேச்சு. ‘முன்னுக்குப்பின் முரண்’ என்பது இதைத்தான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மாறுகொளக் கூறல்’ என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுதான்.

வேறுபாடா முரண்பாடா என்று தடுமாறினால் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? உறுதி எழுதிய பிறகு ஒரு பேர்ச்சை ஒழுங்கைக்கு (சிறு தெருவுக்கு) விட்டிருந்தால் 25உம் சரி, 24உம் சரி, அது வேறுபாடு. ஒன்றும் விடவில்லை, காணியும் அதேதான் என்றால் ஏதோ ஒன்று பிழை, அப்போதுதான் முரண்பாடு.

படி 3: சொல்லோடு உருபையும் சேர்த்து எழுதுங்கள்

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. பொருளை மட்டும் எழுதி வைப்பவர் ‘நான் அவரை முரண்பட்டேன்’ என்று எழுதுவார். கொப்பியில் இப்படிப் பதியுங்கள், உருபை மட்டும் மற்ற நிறப் பேனையால்:

கோரிக்கையை மறுத்தார்
முடிவை எதிர்த்தார்
முடிவுக்கு உடன்படவில்லை, இணங்கவில்லை
முடிவுக்கு ஆட்சேபனை தெரிவித்தார்
அவருடன் முரண்பட்டார்
அவரோடு பிணங்கினார்
உறுதிக்கு முரணாக, சொன்னதற்கு மாறாக

‘மறு’ என்ற வினையைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். ‘கதியாலைப் பிடுங்க மறுத்தார்’ என்றால் அவர் பிடுங்கமாட்டார். ‘கதியாலைத் தள்ளி நட்டதை மறுத்தார்’ என்றால், தான் அப்படிச் செய்யவே இல்லை என்கிறார். முன்னே ‘பிடுங்க’, ‘வர’, ‘தர’ போன்ற எச்சம் நின்றால் செய்யமாட்டேன் என்ற பொருள்; ‘நட்டதை’, ‘சொன்னதை’ என்று நடந்த காரியம் நின்றால் இல்லையென்ற பொருள். செய்தி எழுதுபவர் இதில் தவறினால் ஆளின் நிலைப்பாடே மாறிப்போகும். எழுத்தும் கவனம்: மறுப்பு வேறு, மருப்பு வேறு. பின்னது யானைத் தந்தம்.

படி 4: அதே சண்டையைக் கடிதமாக்குங்கள்

இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு அந்தத் தம்பி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“மேற்படி எல்லை தொடர்பாக எமக்கிடையே பிணக்கு உள்ளது. உறுதியில் உள்ள அளவும் தற்போதைய அளவும் பொருந்தவில்லை. அளவீட்டின்போது உடன்பட்டவர் இப்போது அதற்கு மாறாகக் கூறுகிறார்.”

‘சரிவராது’ என்பது இங்கே ‘ஏற்றுக்கொள்ள முடியாது’ ஆகும். சண்டையைக் குறிக்கும் பேச்சுச் சொல்லான ‘கொளுவல்’ கடிதத்துக்கு ஆகாது. மறுவளமும் உண்டு: வீட்டில் ‘எனக்கும் தம்பிக்கும் பிணக்கு’ என்றால் சிரிப்பார்கள், ‘தம்பியோட கோவம்’ என்பதுதான் பேச்சு. அதற்குக் கதைபேச்சு இல்லை என்று பொருள். தமிழ்நாட்டு வாசகர் அதை ஆத்திரம் என்று எடுத்துவிடக் கூடும். சட்டச் சொல்லும் இரு கரையிலும் ஒன்றல்ல. இலங்கையில் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் என்பார்கள், அங்கே தொழில் தகராறு என்பார்கள்.

படி 5: பத்திரிகையில் தேடி, மறைத்து, நிரப்புங்கள்

ஒரு செய்தியில் மறுப்புச் சொற்களைக் கோடிட்டு, அந்த வசனங்களைச் சொல் இருந்த இடம் வெறுமையாகக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த நாளும், 3ஆம் நாளும், 7ஆம் நாளும் நிரப்பிப் பாருங்கள். அதே வசனத்தையே நிரப்பிக்கொண்டிருந்தால் கை பழகுமே தவிர சொல் பழகாது. 7ஆம் நாள் சம்பவத்தை மாற்றுங்கள்: கோயில் திருவிழாக் கணக்கு, பஸ் நேர அட்டவணை, சீட்டுக் காசு, எதுவானாலும் சரி.

பழகிப் பார்க்க மூன்று வசனம்:

1. பற்றுச்சீட்டுக்கும் கணக்குக்கும் பிணக்கு உள்ளது.
2. தலைவர் காசு வாங்க மறுத்தார்.
3. பொருளாளர் சபையின் முடிவை முரண்பட்டார்.

முதலாவதில் ‘பற்றுச்சீட்டும் கணக்கும் பொருந்தவில்லை’ என்று வர வேண்டும். மூன்றாவதில் ‘முடிவுக்கு உடன்படவில்லை’, வெளிப்படையாகச் சண்டைக்கு நின்றிருந்தால் ‘முடிவை எதிர்த்தார்’. இரண்டாவது வசனம் சரிதான், தலைவர் நீட்டிய காசை வேண்டாம் என்றிருந்தால். காசு வாங்கவேயில்லை என்று அவர் சாதித்திருந்தால் ‘காசு வாங்கியதை மறுத்தார்’ என்று எழுதுங்கள்.