அமெரிக்க வரலாறு கிளாஸ்ல விவாதம் வைக்கிறப்போ எங்க சொதப்புது?

பாதி சொதப்பல் கேள்வியிலயே இருக்கு. அடிமை முறை சரியா தப்பான்னு ரெண்டு டீம் பிரிச்சு விட்டுர்றாங்க, இதுல விவாதிக்க என்னங்க இருக்கு, அதுவும் கறுப்பினப் பிள்ளைங்க உக்காந்திருக்கிற கிளாஸ்ல ஒரு டீம் அதுக்கு வக்காலத்து வாங்கணும்னா கொடுமை. அதுக்குப் பதிலா, அடிமைகளுக்கு விடுதலை கிடைச்சது ஜனாதிபதி லிங்கனாலயா, இல்ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச 1861லயே, வடக்குப் படை கையில இருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பி ஓடிவந்த அடிமைகள் மாதிரி ஆளுங்களாலயான்னு கேளுங்க, வரலாற்று ஆய்வாளர்களே அடிச்சுக்கிற கேள்வி அது.

அடுத்தது ஒத்த ஆவணத்த மட்டும் கையில குடுக்கிறது. ஒரு அடிமையையும் விடுவிக்காம யூனியனை, அதாவது நாடு உடையாம, காப்பாத்த முடியும்னா அதையே செய்வேன்னு 1862 ஆகஸ்ட் 22ல பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் லெட்டர் எழுதினாரு. இத மட்டும் படிச்சா பசங்க அவரை வில்லனாக்கிட்டுப் போயிருவாங்க. ஆனா ஜூலை 22லயே, பிரிஞ்சுபோன தெற்கு மாநிலங்கள்ல இருக்கிற அடிமைகளுக்கு விடுதலைன்னு சொல்ற விடுதலைப் பிரகடனத்தோட டிராஃப்ட்ட கேபினட்ல வாசிச்சுட்டாரு, அப்போ இந்த லெட்டர் யாரை சமாதானப்படுத்த? சரி, ஹீரோன்னு வச்சுக்கலாம்னா, 1863 ஜனவரி 1ல வந்த பிரகடனம் யூனியன்லயே இருந்த கென்டக்கி, மேரிலாந்து அடிமைகளத் தொடவே இல்ல. மூணையும் சேர்த்து மேஜையில போடுங்க, நீங்க வாயத் தொறக்கவே வேணாம்.

இன்னொண்ணு, நடுநிலைங்கிற பேர்ல ரெண்டு பக்கத்துக்கும் சம மார்க் போடுறது. உள்நாட்டுப் போருக்குக் காரணம் மாநில உரிமையா (அதாவது ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தத் தானே முடிவு பண்ற உரிமை) அடிமை முறையாங்கிற விவாதம் எல்லா ஊர்லயும் நடக்குது, நடக்கட்டும், ஆனா 1860 டிசம்பர்ல சவுத் கரோலினா பிரிஞ்சப்போ வெளியிட்ட அறிக்கையப் படிக்காம நடக்கக்கூடாது. தப்பிப்போன அடிமைகள வடக்கு மாநிலங்கள் திருப்பித் தரலன்னு அதுல ஒரே புலம்பல், அதாவது அடுத்த மாநிலம் தன் இஷ்டத்துக்குச் சட்டம் போட்டதுதான் இவங்களுக்கு உறுத்துது! பிரிஞ்சுபோன தெற்கு மாநிலங்கள் அமைச்ச அரசோட துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்ல எங்க அரசோட மூலைக்கல்லே அடிமை முறைதான்னு பேசினாரு, போர்ல தோத்தப்புறம் காரணம் மாநில உரிமைன்னு புத்தகம் எழுதினாரு. யார் சொன்னாங்கன்னு மட்டும் பாக்காம எப்ப சொன்னாங்கன்னும் பாக்க வைக்கணும்.

கடைசில கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கிறதும் வேணாம், சத்தமா பேசின டீம்தான் ஜெயிக்கும். எந்த ஆவணம் உன் எண்ணத்த மாத்துச்சுன்னு ஒரு பாரா எழுதச் சொல்லி அதுக்கு மார்க் போடுங்க.